மூளையில் தெரிவதெல்லாம் காரணம் ஆகிவிடாது

எல்லோருக்கும் வணக்கம்.

நம் எண்ணம், உணர்ச்சி, நடத்தை எல்லாவற்றுக்கும் அடியில் மூளையும் நரம்பும் ஹார்மோனும் மரபணுவும் இருக்கின்றன, அங்கே தேடினால் விடை கிடைக்கும் என்பது உளவியலில் உயிரியல் அணுகுமுறை. அதன் பலத்தையும் பலவீனத்தையும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநோயாளியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் பார்ப்பதில் இந்த அணுகுமுறைக்கு இணை கிடையாது. கண்டது எதுவோ அதுதான் காரணம் என்று அவசரமாகத் தீர்ப்பு எழுதும்போதுதான் அது சறுக்குகிறது.

1861இல் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர் பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையில் பழுதான இடத்தைக் காட்டியதும், 1953இல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஹென்றி மொலைசனுக்குப் புதிய நினைவுகள் பதியாமல் போனதும் பாடப்புத்தகங்களிலேயே இருக்கின்றன. நான் வேறு இரண்டைச் சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநல விடுதிகளில் ஒரு வகை நோயாளிகள் நிறைய இருந்தார்கள். நடுத்தர வயதுக்காரர் திடீரென்று தான் பேரரசன் என்பார், அளவில்லாத சொத்து இருக்கிறது என்பார். நினைவு மங்கும், நடை தள்ளாடும், சில ஆண்டுகளில் இறந்துபோவார். குடி, ஒழுக்கக்கேடு என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். 1913இல் நொகுச்சியும் மூரும் இந்த நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுவிலேயே சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1940களில் பெனிசிலின் வந்தது. விடுதிகளை நிரப்பிய அந்த நோய் அரிதாகிப்போனது.

இரண்டாவது, ஆட்டிசம். தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆனது என்று ஒரு காலத்தில் நிபுணர்களே சொன்னார்கள். ஏற்கனவே தவித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் மீது இந்தப் பழியையும் ஏற்றினார்கள். 1977இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அது காட்டியது, பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. எத்தனையோ தாய்மார்களின் தலையிலிருந்து ஒரு பெரும்பழி இறங்கியது. இந்த ஒன்றுக்காகவே உயிரியல் அணுகுமுறைக்கு நான் நன்றி சொல்வேன்.

சரி, சறுக்கிய இடத்துக்கு வருவோம்.

1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்தால் சில நோயாளிகள் உற்சாகமாக மாறியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அது மூளையில் செரோடோனின் போன்ற வேதிப்பொருள்களைக் கூட்டும் மருந்து. உடனே வாதம் தலைகீழாகத் திரும்பியது: கூட்டினால் மனச்சோர்வு நீங்குகிறது, ஆகவே மனச்சோர்வுக்குக் காரணம் அவற்றின் குறைபாடு. பாராசிட்டமால் போட்டால் தலைவலி போகிறது என்பதற்காக, உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால்தான் தலை வலித்தது என்று யாராவது சொல்வோமா? இன்றைய மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் செரோடோனின் அளவைச் சில மணி நேரத்திலேயே மாற்றத் தொடங்குகின்றன. மனம் தேறுவதற்கோ வாரக்கணக்கில் ஆகிறது. குறைபாடுதான் காரணம் என்றால் இந்த இடைவெளி ஏன்? 2022இல் வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வும், செரோடோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

மரபணுவிலும் இதே கதைதான். செரோடோனின் தொடர்புள்ள ஒரு மரபணு வகை இருப்பவர்களை வாழ்க்கைத் துன்பங்கள் எளிதில் மனச்சோர்வில் தள்ளும் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை நம்பி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவை வைத்துப் பார்த்தபோது, அதுவும் அதைப் போல் பேசப்பட்ட மற்ற மரபணுக்களும் சேர்த்து 18இல் எதற்கும் ஆதாரம் நிற்கவில்லை.

அவசரத் தீர்ப்பு கத்தியை எடுத்தபோது என்ன ஆனது என்பது இன்னும் கொடுமை. மூளையின் முன்பகுதி இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவைக்காக ஈகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகீசிய மருத்துவருக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர் அதற்கு உட்படுத்தப்பட்டார்கள். பலர் அமைதியானார்கள் என்று குறிப்பு எழுதினார்கள். அவர்களின் ஆளுமையே அடங்கிப்போனதைத்தான் அப்படி எழுதினார்கள்.

அப்புறம் ஒரு விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது. மூளைதான் வாழ்க்கையை நடத்துகிறது என்று மட்டும் நினைக்கிறோம். வாழ்க்கையும் மூளையை மாற்றுகிறது. 1992இல் லூயிஸ் பாக்ஸ்டரும் சகாக்களும் ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நோய்) நோயாளிகளை இரண்டு பிரிவாக ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மாத்திரையே இல்லாமல், பயப்படுவதை எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தை சிகிச்சை. குணம் கண்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, இரண்டு பிரிவிலும் வலது காடேட் என்ற அதே பகுதியில் செயல்பாடு தணிந்திருந்தது. பயத்தை எதிர்கொள்ளப் பழகியதே மூளையில் தடம் பதித்திருக்கிறது. அப்படியானால் ஸ்கேனில் ஒரு மாற்றம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து, அது நோயின் காரணமா, விளைவா என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. உன் மூளையில் கோளாறு என்று ஒருவரிடம் சொன்னால் அவர் மீதான பழி குறைகிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போது, இவர் குணமாவார் என்ற நம்பிக்கையும் மற்றவர்களிடம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கே மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டிருக்கலாம். செரோடோனின் விளக்கம் ஆட்டம் கண்டதால் அந்த மருந்துகள் வீண் என்று ஆகிவிடாது. ஏன் வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. மருந்தால் தேறியவர்கள் நிறையப் பேர். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று தொந்தரவு வரலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், குறைப்பதாக இருந்தாலும் அவரோடு பேசிப் படிப்படியாகக் குறையுங்கள்.