பற்றவைத்த குழாய், நூறு சுற்று

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பந்தய ஓட்டுநர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கார் பட்டறை நடத்தியவன். ஆகவே ஒரு கார் பந்தயத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டால், என் நினைவு போவது கொடி அசைவதற்கு முந்தைய சில நிமிடங்களுக்குத்தான். காரின் மேல் யாராவது கவலையோடு குனிந்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். 1961 மே 14ஆம் தேதி, ஃபிரான்சின் தென்கடற்கரையை ஒட்டிய குட்டி நாடான மொனாக்கோவில், அப்படி ஒருவர் குனிந்திருந்தார். கையில் வெல்டிங் டார்ச்.

கார், லோட்டஸ் 18. ஓட்டப்போகிறவர் ஸ்டர்லிங் மாஸ், இங்கிலாந்துக்காரர். எல்லாக் கார்களும் வரிசையில் நிறுத்தியாகிவிட்டது. அந்த நேரத்தில் காரின் சட்டத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டிருப்பது மாஸின் கண்ணில் பட்டது. அந்தக் காலத்துப் பந்தயக் காரின் சேஸி என்பது மெல்லிய இரும்புக் குழாய்களை வைத்துப் பின்னிய கூடு. ஒரு குழாய் விட்டுக்கொடுத்தால் அதன் பாரம் பக்கத்துக் குழாயில் ஏறும். அப்புறம் அதற்கும் அடுத்ததில். நூறு சுற்று தாங்காது.

பெட்ரோல் நிரப்பியாயிற்று. டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. மெக்கானிக் ஆல்ஃப் ஃபிரான்சிஸ், போலந்திலிருந்து போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். ஈரத் துண்டுகளை டேங்கின் மேல் சுற்றினார், டார்ச்சைப் பற்றவைத்தார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள் என்று சொல்வார்கள். நானாக இருந்தாலும் நழுவியிருப்பேன்.

எங்கள் பட்டறையில் டேங்கில் வேலை வந்தால் கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோவோம். அப்போதும் ஒரு பையன் மணல் வாளியோடு நிற்பான். பலர் நினைப்பதற்கு மாறாக, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பொல்லாதது. உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும். ஆல்ஃபுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்திருந்தாலும் கை நடுங்காமல் இருக்க வேண்டுமே! பற்றவைத்து முடித்தார். கார் ஓடத் தயார்.

சரி, இனி அந்த ஊரைப் பார்ப்போம். மொனாக்கோவில் 1929 முதல் பந்தயம் நடக்கிறது. தனியாகப் போட்ட பாதை எதுவும் கிடையாது, மக்கள் நடமாடும் தெருக்கள்தான். அப்போது ஒரு சுற்று 3.145 கிலோமீட்டர். துறைமுகக் கரை, அங்கிருந்து மேட்டில் ஏறிச் சூதாட்ட மண்டபம், பிறகு வளைந்து வளைந்து இறக்கம், ஒரு சுரங்கம், மறுபடி கடற்கரை. வளைவுகளின் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். புகையிலைக் கடை வளைவு, எரிவாயு ஆலை வளைவு, ரயில் நிலைய வளைவு. நம் ஊரில் தியேட்டரை இடித்து எத்தனை வருடம் ஆனாலும் பஸ் ஸ்டாப்பிங்குக்கு அந்தத் தியேட்டர் பெயர்தானே! அது மாதிரி.

அந்தக் காலத்தில் தடுப்பு என்று பார்த்தால் பெரும்பாலும் வைக்கோல் கட்டுகள். அதைத் தாண்டினால் விளக்குக் கம்பம், நடைபாதை விளிம்பு, சில இடங்களில் நேராகக் கடல். 1955இல் இத்தாலியின் அல்பெர்தோ அஸ்காரி காரோடு துறைமுகத் தண்ணீரில் விழுந்து, நீந்தி வெளியே வந்தார். நான்கே நாளில் மோன்சா என்ற ஊரில், வேறொரு காரை ஓட்டிப் பார்த்தபோது இறந்துபோனார்.

உலக சாம்பியன் பட்டத்துக்கான இந்தப் பந்தயங்களை கிராண்ட் பிரி என்பார்கள். 1961இல் அவற்றின் விதி மாறியது. 2500 சிசி வரை இருந்த எஞ்சின் 1500 சிசிக்கு இறங்கியது. பிரிட்டிஷ் அணிகள் இந்த விதியை விரும்பவில்லை. எதிர்த்துக்கொண்டே இருந்துவிட்டு, புதிய எஞ்சினைச் செய்வதில் பின்தங்கிப்போயின. ஃபெராரி சத்தம் போடாமல் ஆறு சிலிண்டர் வி6 எஞ்சினோடு வந்து நின்றது. மாஸின் காரிலோ நான்கு சிலிண்டர் கவென்ட்ரி கிளைமாக்ஸ். தீயணைப்பு பம்புகளுக்கு எஞ்சின் செய்து பேர்பெற்ற கம்பெனி அது. இரண்டுக்கும் 30 குதிரைத்திறனாவது வித்தியாசம் இருந்தது என்பார்கள். ஐந்து பேர் ஏறிய காருக்கும் ஆள் குறைந்த காருக்கும் மேட்டில் எப்படியோ, அப்படி.

போதாததற்கு மாஸ் ஓட்டியது போன வருடத்து மாடல். ராப் வாக்கர் என்ற தனிமனிதரின் சின்ன அணி அது. ஜானி வாக்கர் விஸ்கிக் குடும்பத்து வாரிசு. (அந்தப் பெயரை நாம் யாரும் கேள்விப்பட்டதில்லை என்றே வைத்துக்கொள்வோம்.) அடர்நீல உடம்பு, மூக்கில் வெள்ளைப் பட்டை, அதுதான் அவர் கார்களின் அடையாளம். லோட்டஸின் புது மாடலான 21, எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தச் சிக்கலால் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பயிற்சியில் முதலிடம் மாஸுக்கு. ஒரு சுற்று 1 நிமிடம் 39.1 நொடி. இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வெயில் நாள். காரின் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றிவிடச் சொன்னார் மாஸ், காற்று வரட்டும் என்று. மொத்தம் 16 கார்கள் கிளம்பின. அமெரிக்கரான ரிச்சி கின்தர், ஃபெராரியில், முதல் ஆளாகப் பாய்ந்தார். 14ஆவது சுற்றில் மாஸ் அவரைத் தாண்டினார். மிச்சம் 86 சுற்று. பின்னால் மூன்று ஃபெராரிகள்: கின்தர், ஃபில் ஹில், ஜெர்மனியின் ஃபான் டிரிப்ஸ்.

மேட்டில் ஃபெராரி நெருங்கும். வளைவுகளில் இலேசான லோட்டஸ் விலகும். அடுத்த மேட்டில் மறுபடி நெருங்கும். குறுகலான தெருவில் முந்துவதற்கு இடம் அரிது என்பதால்தான் மாஸ் தப்பித்தார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்னால் போகிறவன் ஒரே ஒரு வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தால் போதும், இடம் தானாகக் கிடைக்கும். மாஸ் கடைசிவரை அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. மெதுவாகப் போகிற கார்களையும் அவர்தான் முதலில் விலக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் துரத்தியவர் ஹில். நான்கில் மூன்று பங்கு முடிந்த கட்டத்தில் கின்தர் ஹில்லைக் கடந்து வந்தார். எல்லாவற்றையும் கொடு என்று ஃபெராரி அணி பலகையில் எழுதிக் காட்டியது. கொடுத்தார். 84ஆவது சுற்றை 1 நிமிடம் 36.3 நொடியில் முடித்தார். அன்றைக்கு அதுவரை யாரும் தொடாத வேகம். அதற்கு அடுத்த சுற்றில் மாஸ் எடுத்த நேரம்? 1 நிமிடம் 36.3. பத்தில் ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நூறாவது சுற்று முடிந்தபோது இருவருக்கும் இடைவெளி 3.6 நொடி. அந்த வேகத்துக்கு ஏறக்குறைய நூற்றுப் பத்து மீட்டர். மொத்த நேரம் 2 மணி 45 நிமிடம் 50.1 நொடி.

இப்போது நான் மனதில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். மொத்த நேரத்தை நூறால் வகுத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 39.5 நொடி வருகிறது. பயிற்சியில், ஒரே ஒரு சுற்று, உயிரைக் கொடுத்து ஓட்டி எடுத்தது 39.1. நின்ற இடத்திலிருந்து கிளம்பியது, டேங்க் நிறையப் பெட்ரோலைச் சுமந்தது, வழியை மறித்த கார்களைத் தாண்டியது எல்லாம் சேர்ந்தும் சராசரி வித்தியாசம் அரை நொடிகூட இல்லை! தம் பிடித்து ஒருமுறை மாடிப்படி ஏறுவதை யாரும் செய்வார்கள். அதே வேகத்தில் நூறு முறை, இரண்டேமுக்கால் மணி நேரம், கால் ஒரு படிகூடத் தவறாமல் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். முதல் தடவை இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டபோது தப்பாக வகுத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

மாஸ் மொனாக்கோவில் வென்றது அது மூன்றாவது முறை. 1956, 1960, பிறகு இது. உலக சாம்பியன் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஈஸ்டர் திங்களன்று, இங்கிலாந்தின் குட்வுட்டில் நடந்த விபத்தோடு அவருடைய கிராண்ட் பிரி வாழ்க்கை முடிந்தது. ஃபான் டிரிப்ஸ் அதே 1961 செப்டம்பரில் மோன்சாவில் இறந்தார். அந்த வருடப் பட்டம் ஃபில் ஹில்லுக்குப் போனது. கின்தர் வாழ்நாளில் வென்ற உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றே ஒன்று: 1965இல் மெக்சிகோ. ஹோண்டாவின் முதல் கிராண்ட் பிரி வெற்றியும் அதுதான்.

அந்த நாளின் புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. பார்க்கக் கிடைத்தால் பக்கத் தகடு இல்லாத அந்த இடத்தைப் பாருங்கள். மாஸின் முழங்கை தெரியும், உடம்பு தெரியும், கூடு பின்னிய குழாய்கள் தெரியும். நான் பூதக்கண்ணாடி வைத்தே தேடினேன், ஆல்ஃப் பற்றவைத்த தழும்பு எங்காவது தெரிகிறதா என்று. இன்னும் அகப்படவில்லை.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.