ஏ.எம்.ஜி. வேகனின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்124 ஸ்டேஷன் வேகன் 1985இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது; பிரேமன் ஆலையில் தயாரானது. ஜெர்மனியின் அஃபால்டர்பாக் ஊரின் ஏ.எம்.ஜி. நிறுவனம் அதில் கைவைத்து உருவாக்கிய வண்டிதான் இ36 டி. இதைத் தேடி வாங்குகிறவர்களும் சரி, சாதாரண இ320 வேகனை அந்தத் தரத்துக்கு ஏற்ற நினைப்பவர்களும் சரி, என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். பணம் கரைவதோ பின்பக்கத்தில்.

என்ஜின் கணக்கு எளிது. இ320இன் ஆறு சிலிண்டர் எம்104 என்ஜின் 3.2 லிட்டர், 220 குதிரைத்திறன். ஏ.எம்.ஜி. சிலிண்டர் விட்டத்தை 89.9 மில்லிமீட்டரிலிருந்து 91 ஆக்கி, ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் நகரும் தூரத்தை, 84இலிருந்து 92.4 ஆக நீட்டியது. கொள்ளளவு 3.6 லிட்டர், திறன் 272. டர்போ இல்லாமலே அடிவேகத்தில் நல்ல இழுவை. அருமையான வேலை அது!

இனி பின்பக்கம். இந்த வேகனின் பின்சக்கரங்களில் இருப்பவை வழக்கமான ஷாக் அப்சார்பர்கள் அல்ல, ஹைட்ராலிக் சிலிண்டர்கள். என்ஜினால் ஓடும் பம்ப் அவற்றுக்கு எண்ணெய் அனுப்புகிறது. வண்டியில் சுமை ஏறி உடல் தாழ்ந்தால், ஸ்டெபிலைசர் கம்பியோடு இணைந்த ஒரு சிறு தண்டு அசைந்து வால்வைத் திறக்கும். பின்பக்கம் பழைய உயரத்துக்கு எழும். குலுங்கலை வாங்கிக்கொள்வது நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள்.

தாழ்வான ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அந்தத் தண்டை மறந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உடல் தாழ்ந்ததைச் சுமை என்று எண்ணி வால்வு எண்ணெயை ஏற்றிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் தூக்கி நிற்கும், ஓட்டமும் கட்டைபோல் ஆகும். ஸ்பிரிங்கோடு தண்டின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும்.

உருண்டைகளுக்கு ஒரு சோதனை உண்டு. என்ஜினை ஓடவிட்டு, பின்கதவு வாசலில் இரு கையாலும் அழுத்துங்கள். மெத்தென்று இறங்கி எழுந்தால் நல்லது. அசையவே இல்லையென்றால், உள்ளே வாயுவையும் எண்ணெயையும் பிரிக்கும் சவ்வு கிழிந்து நைட்ரஜன் போய்விட்டது என்று பொருள். எண்ணெய் அமுங்காது, அதனால் சிறு குழியும் முதுகில் அடிக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். குழாயைக் கழற்றும் முன் வால்வில் எண்ணெயை வடிப்பதற்கான பிளீடர் திருகில் வடிகுழாய் மாட்டி அழுத்தத்தை முழுக்க இறக்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. ஊற்றுவது இந்த அமைப்புக்கென்றே உள்ள ஹைட்ராலிக் எண்ணெய், கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். அல்ல.

1990களின் முற்பாதியில் வந்த எம்104 வண்டிகளில் இன்னொரு நோயும் இருக்கிறது: என்ஜின் வயரிங். அந்தக் காலத்து வயர் உறை சூட்டில் நொறுங்கும். ஐடிலில் துடிப்பு, மிஸ்ஃபயர், கடைசியில் என்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோல் யூனிட்டே போகும். கனெக்டர் அருகே ரப்பர் மூடியை விலக்கி ஒரு வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை செதில்செதிலாக உதிர்ந்தால் முழு ஹார்னஸையும் (வயர்க் கட்டையும்) மாற்றியாக வேண்டும். டேப் சுற்றி ஒப்பேற்ற முடியாது. என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஆக்சுவேட்டரிலும் அதே வகை வயர்தான், அதையும் கூடவே திறந்து பாருங்கள்.