சொல்லை விட்டால் வேலை வேகமாகுமா?

நடுவர் அவர்களே, நாகர்கோவில் பெருமக்களே, வணக்கம். 'வேலை சம்பந்தமான செய்திகளில் சொற்களை விட்டு எழுதுவது சிக்கனமா, சிக்கலா?' என்பது தலைப்பு. சிக்கல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நல்ல வாதம் ஒன்றை வைத்தார். தமிழே சொல்லை மறைத்துப் பேசும் மொழி, தொகையில் ஆறு வகை உண்டு, எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்றார். உண்மை. 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' அந்த விகுதிக்குள்ளேயே இருக்கிறது. மறைத்ததை மீட்டெடுக்க ஒரு பிடியை மிச்சம் வைத்துவிட்டுத்தான் தமிழ் மறைக்கிறது. பிடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பழைய உரைகாரர்கள் காட்டியிருக்கிறார்கள்: 'புலிகொல் யானை'. செத்தது புலியா, யானையா? 'புலியை' என்று ஓர் உருபு இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

இன்று வாட்ஸ்அப்பில் நாம் விடுவது உருபை மட்டுமல்ல, வினைமுற்றையே விட்டுவிடுகிறோம். அது போனால் யார் செய்வது, செய்தாயிற்றா, இனிமேல்தானா, எல்லாம் போச்சு. நம் மாவட்டத்தில் இது இன்னும் கஷ்டம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டியும் தொழில் செய்கிறவர்கள் நாம். மலையாள வினைக்கு ஆள் காட்டும் விகுதி கிடையாது. 'வந்நு' என்றால் நான் வந்ததாகவும் இருக்கலாம், அவர் வந்ததாகவும் இருக்கலாம். இரண்டு மொழிக்காரர்களும் இருக்கிற குழுவில் பெயரையும் விட்டு, வினையையும் விட்டால் எதை வைத்துப் புரிந்துகொள்வது?

'தாத்தா காலத்துத் தந்தி இப்படித்தானே இருந்தது?' என்று கேட்டார்கள். சரி. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. எதை எடுத்தாலும் பொருள் நிற்குமா என்று யோசித்துத்தான் எடுத்தார்கள். அந்தச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது. இன்று கூடுதலாக நாலு சொல் எழுதினால் யாரும் காசு கேட்பதில்லை.

அப்புறம், யார் சொல்லை விடுகிறார்கள் என்று பாருங்கள். மேலே இருப்பவர்தான். 'ரிப்போர்ட் மாற்றி இன்று' என்று போட்டுவிட்டு அவர் கூட்டத்துக்குப் போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், எதை மாற்றுவது, யாருக்கு அனுப்புவது என்று பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருப்பாள். அவரிடமே திருப்பிக் கேட்டால் 'இதுகூடவா தெரியாது?' என்ற பேச்சு வரும். அவர் மிச்சம் பிடித்த அரை நிமிடத்துக்கு அவளுடைய அரை நாள் போகிறது. இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோவாளைப் பூச்சந்தைக்கு வாருங்கள். ஓண நேரம், கேரளத்துக்கு லோடு போகிற பரபரப்பு. கடைக் குழுவில் முதலாளி இப்படிப் போடுகிறார் என்று வையுங்கள்: 'பிச்சி 20 கிலோ நாளை திருவனந்தபுரம்.' கடைப் பையன் அதை ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு, விடியும் முன்பே சந்தையில் நின்று, ஓண விலைக்கு வாங்கிக் கட்டி வைக்கிறான். முதலாளி சொல்ல வந்ததோ, 'கேட்டிருக்கிறார்கள், விலை பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்பது. அங்கே விலை படியவில்லை. பிச்சி மொட்டு நமக்காகக் காத்திருக்காது. பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும், விரிந்த பூவைக் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான். 'கேட்டிருக்காங்க' என்று ஒரு சொல் அந்தச் செய்தியில் இருந்திருந்தால் அவன் வாங்கியிருக்கவே மாட்டான்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும்: அந்த 20 கிலோ நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? சொல்லை விட்ட முதலாளியின் கணக்கிலா, ஊகித்து வாங்கிய பையனின் சம்பளத்திலா?