அரூர்ப் பாறையில் ஒரு உலோகம்

நேயர்களுக்கு வணக்கம். தங்கம் என்றால் காது கொடுப்பீர்கள். நான் பேச வந்தது மாலிப்டினம். பெயரைக் கேட்டு ரேடியோவை அணைத்துவிடாதீர்கள், இது நம்ம ஊர்ச் சரக்கு. அரூர், ஊத்தங்கரை பக்கத்துப் பாறைகளில் இதன் தாது இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்திருக்கிறது. ஆனாலும் நாட்டுக்கு வேண்டியதை இன்றும் வெளியிலிருந்துதான் வாங்குகிறோம்.

தாது மாலிப்டினைட். ஈய நிறம், வழவழப்பு. தேய்த்தால் பென்சில் கரி மாதிரி விரலில் ஒட்டும். பென்சில் கரி என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1778-இல் சுவீடனின் வேதியியலாளர் ஷீலேதான் இது வேறு என்று காட்டினார். வழுக்கும் குணத்துக்காகவே இந்தத் தாதுப்பொடியைக் கிரீஸில் கலக்கிறார்கள். பிரித்தெடுத்த உலோகமோ சூட்டுக்கு லேசில் அசையாது: 2,623 டிகிரி செல்சியஸில்தான் உருகும், இரும்பு 1,538-லேயே உருகிவிடும்.

எவர்சில்வரில் 304 என்றும் 316 என்றும் ரகம் உண்டு. 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பு பட்டாலும் சீக்கிரம் புள்ளி விழாது. விலை கூடுதல்தான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கடலைக்காட்டில் மாலிப்டினம் செய்யும் வேலை. கடலைச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை அந்தப் பாக்டீரியா உரமாக்குவது ஒரு நொதியால். அந்த நொதியின் நடுவில் உட்கார்ந்திருப்பது மாலிப்டினம். கொள்ளு, துவரை, அவரைக்கும் இதே கதைதான். யூரியா மூட்டைக்குக் கொடுக்கும் மரியாதையில் கால்வாசியாவது இதற்குக் கொடுக்கலாம்.

அதற்காக நாளைக்கே கடைக்கு ஓட வேண்டாம். பயிருக்கு வேண்டியது கிராம் கணக்கில்தான். துத்தநாகமும் இரும்பும் களர் மண்ணில் பயிருக்குக் கிடைக்காது. இது தலைகீழ், அமில மண்ணில்தான் கட்டுண்டு கிடக்கும். மண் பரிசோதனையில் அமிலத்தன்மை தெரிந்தால் முதலில் சுண்ணாம்பு இடுங்கள், மண்ணில் இருப்பதே பெரும்பாலும் விடுபட்டு வரும். மாலிப்டினத்தை அளவு மீறித் தூவினால் பயிர் தாங்கிக்கொள்ளும், தீவனம் தின்னும் மாடு தாங்காது. உடம்பில் தாமிரச்சத்து குறைந்து, கழிச்சல் கண்டு, ரோமம் வெளுக்கும்.