பக்கத்து வீட்டு பாஷை

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன், டீ வேற ஆறிட்டு இருக்கு.

ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் அக்கா தங்கச்சி மாதிரிம்பாங்க. வம்பே அதுலதான். ஸ்பானிஷ் பேசற அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர் போர்ச்சுகீஸ் பேசற பிரேசில் வீட்ல விருந்து சாப்ட்டுட்டு "எஸ்கிசிட்டோ"ன்னு சொன்னா, அவர் பாஷைல அபார ருசின்னு அர்த்தம், கேக்கற வீட்டம்மாவுக்கோ "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு"ன்னு விழும். பாதி புரியுதேன்னு ரெண்டு பக்கமும் மத்த பாஷையை படிக்கறதே இல்ல, பாதி புரியறது புரியாததை விட ஆபத்துன்னு நான் சொல்லுவேன்.

இந்த ரெண்டு பாஷை பேசற நாடுகளை சேர்த்து வைக்க அமைப்பு இல்லாம இல்ல. மாட்ரிட்ல ஓ.இ.ஐ.ன்னு ஒண்ணு, ஐபீரோ-அமெரிக்க நாடுகளோட அமைப்பு, 1949லயே கல்விக்காக ஆரம்பிச்சது, 1985ல அறிவியல், கலாச்சாரத்தையும் பேர்லயே சேர்த்துக்கிட்டாங்க. அப்புறம் 1991ல மெக்சிகோவோட குவாதலஹாராவுல இந்த நாடுகளோட தலைவர்கள் எல்லாம் கூடினாங்க, அது உச்சி மாநாடு, போட்டோ, கைகுலுக்கல், விடுங்க.

எனக்குப் பிடிச்சது வேற. பிரேசில்ல டியோனீசியோ செர்கேய்ரா, அர்ஜென்டினாவுல பெர்னார்தோ தெ இரிகோஷென், ரெண்டு ஊரும் ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுவுல ஆறு கீறு எதுவும் இல்ல, நடந்தே நாடு மாறிடலாம். 2005ல இந்த மாதிரி எல்லை ஊர்கள்ல ஒரு வேலை பண்ணாங்க. இந்தப் பக்கத்து டீச்சர் அந்தப் பக்கம் போய் தன் பாஷைல பாடம் எடுப்பாங்க, அந்தப் பக்கத்து டீச்சர் இங்க வருவாங்க, அவ்வளவுதான். மொழிப் பாடம்னு தனியா இல்லாம, பசங்க சேர்ந்து செய்யற வேலையே அந்த பாஷைல நடக்கும். புதுசா ஆள் எடுக்க வேணாம், இருக்கற டீச்சரே போதும், ஆனா அவங்க வாரா வாரம் பார்டர் தாண்டணும். "க்ரூஸே"ன்னே அதுக்குப் பேரு, அதாவது தாண்டறது. பஸ் கிடைக்கலைன்னா அன்னிக்கு அந்த வகுப்பு என்ன ஆகும்னு மாநாட்டு மேடைல யாராவது கேட்டிருப்பாங்களா, சொல்லுங்க?

பெரிய அளவுலயும் ஒண்ணு இருக்கு, 2010ல ஃபோஸ் தோ இகுவாசுவுல, பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூணு நாடும் சந்திக்கற இடத்துல பிரேசில் ஒரு யூனிவர்சிட்டி தொடங்குச்சு, ரெண்டு பாஷையும் அங்க வகுப்புல ஓடும்.

ஆனா அதே பிரேசில் அந்த 2005லயே மேல்நிலைப் பள்ளி எல்லாம் ஸ்பானிஷ் வகுப்பு வெச்சே ஆகணும்னு சட்டம் போட்டுட்டு, 2017ல அதை எடுத்துடுச்சு. இப்ப கட்டாயம் இங்கிலீஷ். நாலு தெரு தள்ளிப் போனா ஸ்பானிஷ் கேக்கற செர்கேய்ரா ஊர்ப் பையனுக்கும்தான்.