ஒப்பந்தத்தைப் படிச்சியாப்பா?

வணக்கம் நேயர்களே. மதுரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே சர்வதேசச் சட்டம் காதில் விழும். கச்சத்தீவு என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு வரும். ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும் சட்ட மாணவர்களுக்கும் அதே தீவுதான்; கையில் செய்தித்தாள் நறுக்குகள் இருக்கும். "ஒப்பந்தத்தைப் படிச்சியாப்பா?" என்பேன். பெரும்பாலும் பதில் வராது.

கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்து இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஜூன் ஒப்பந்தம் சின்னதுதான். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம் என்கிறது 5-ஆவது சரத்து. மீன்பிடித்தல் என்ற சொல்லே அதில் இல்லை. இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது 6-ஆவது சரத்து. என்னென்ன உரிமைகள்? பட்டியல் கிடையாது.

அப்புறம் 1976 மார்ச்சில் வெளியுறவுச் செயலர்கள் கடிதங்கள் மாற்றிக்கொண்டார்கள்: அனுமதியில்லாமல் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது. மாணவனாக இருந்தபோது இந்தக் கடிதங்களைப் பார்க்காமலே கட்டுரை எழுதி, வழிகாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அவை மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லை ஒப்பந்தத்தோடு வந்தவை. கச்சத்தீவு இருக்கும் பாக் நீரிணையில் 6-ஆவது சரத்தை அவை அழித்துவிட்டனவா? வாதம் இங்கேதான்.

இதற்கு, ஒப்பந்தங்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்லும் 1969 வியன்னா உடன்படிக்கை ஒரு வழி வைத்திருக்கிறது. சொல்லின் இயல்பான பொருள், சூழல், நோக்கம். அதிலும் தெளியாவிட்டால் பேச்சுவார்த்தைக் குறிப்புகள். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் அதன் விதிகள் பலவும் சர்வதேச வழக்காறே, அதாவது நாடுகள் சட்டமாக மதித்து நடந்துவரும் வழக்கமே என்று 2011-இல் ராம் ஜெத்மலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

சரி, வழக்காற்றை எப்படி நிரூபிப்பது? 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் கியூபாவின் மீன்பிடிப் படகுகள் இரண்டை அமெரிக்கா பிடித்தது. 'பாக்கெத் அபானா' என்ற அந்த வழக்கில் 1900-இல் தீர்ப்புச் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1403-இல் இங்கிலாந்து அரசர் போட்ட ஆணையிலிருந்து தொடங்கி நாடு நாடாகப் பார்த்தது. போர்க்காலத்தில் கரையோர மீன்பிடிப் படகைப் பிடிக்கக் கூடாது என்பது வழக்காறு என்றது. என்னைக் கேட்டால், ஆய்வு முறையியல் பாடம் இந்தத் தீர்ப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

நம் பிள்ளைகளும் அப்படித் தேடலாம். நாட்டுப்படகுக்கு இருந்த மரபுரிமை இழுவைமடி போடும் விசைப்படகுக்கும் உண்டா? ராமேஸ்வரம் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்த மாதம், என்ன வலை, எதுவரை போனீர்கள்? "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தால், எந்த வருஷம் ஐயா என்று குறுக்கே கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.