பேட்டரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

[காட்சி: கார் ஷெட்டில் ஒரு வெள்ளை எஸ்யூவி. கேமரா மெல்லக் கீழே இறங்கி, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களில் நிற்கிறது.]

வணக்கம். அந்தக் கால்கள் என்னுடையவை. கீழே விரித்திருப்பது வீட்டிலிருந்து கொண்டுபோன கோரைப்பாய். இடம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான கீழக்கரை. வண்டி 2018 மாடல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 450எச்.

வாங்க வந்தது நான் இல்லை, என் மச்சான். மண்டபத்துக்காரர். கப்பலில் வேலை என்பதால் ஆறு மாதம் கடலில், ஆறு மாதம் கரையில். வண்டிக்காரர் துபாயில் இருக்கிறார். சாவியைக் கொண்டுவந்த அவருடைய தம்பி, "நல்லாப் பாருங்கண்ணே, ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றார். பொய் சொல்லவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

லெக்ஸஸ் 2017இல் இந்தியாவுக்கு வந்தது. அப்போது இந்த வண்டியின் ஷோரூம் விலையே ஒரு கோடிக்கு மேல். இன்றைக்கு அதில் பாதிகூடக் கேட்பதில்லை. காரணம், இது ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. பழைய ஹைப்ரிட் என்றதும் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: "பேட்டரி போச்சுன்னா?" அந்தப் பயம்தான் விலையை இறக்குகிறது. ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும்: வண்டியின் விலைதான் இறங்கும், பார்ட்ஸ் விலை அந்த ஒரு கோடி ரூபாய் வண்டிக்கானதாகவேதான் இருக்கும்.

சரி, தலைப்பில் அப்புறம் என்று சொன்னாலும், எல்லோரும் கேட்பது பேட்டரியைத்தானே, அதை முதலில் முடித்துவிடுவோம்.

[காட்சி: பின் சீட்டுக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம். விரலால் தடவினால் சாம்பல் நிறப் பஞ்சு.]

இதில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. 1.2 வோல்ட் செல்கள் 240, வரிசையாகக் கோத்து 288 வோல்ட். பின் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. இதன் பெரிய எதிரி சூடு. அதைத் தணிப்பது வண்டிக்குள் இருக்கும் ஏசி காற்று. சின்ன ஃபேன் ஒன்று அந்தக் காற்றை இந்தத் துவாரம் வழியாக இழுத்து பேட்டரி மேல் விடுகிறது. துவாரத்தில் பஞ்சும் மணலும் அடைத்தால் நம்ம ஊர் மே மாதத்தில் பேட்டரி வெந்துபோகும். சீட்டுக்கு முன்னால் பையையும் பழக்கூடையையும் திணித்து வைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் செல்கள் சேர்ந்தது மாட்யூல், மாட்யூல்கள் சேர்ந்தது பிளாக். ஒவ்வொரு பிளாக்கின் வோல்ட்டும் திரையில் தெரியும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எல்லா பிளாக்கும் ஒரே சீராக இறங்கி, விட்டதும் ஒரே சீராக ஏற வேண்டும். ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிடத் துள்ளினால் அதற்குள் ஒரு மாட்யூல் நோய்ப்பட்டிருக்கிறது. பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்தால் பேட்டரியே மாற்ற வேண்டிய நிலை. கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. எல்லாம் ஒரே வயது மாட்யூல்கள். இன்று ஒன்று, அடுத்த வருஷம் பக்கத்தில் இருப்பது.

கீழக்கரை வண்டியில் பேட்டரி அருமையாக இருந்தது. மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. நான் பாயை எடுத்தேன்.

[காட்சி: டார்ச் வெளிச்சம். பின்பக்க அச்சுக்கு அருகே ஆரஞ்சு நிறக் கேபிள்.]

இந்த வண்டியில் பின் சக்கரங்களுக்குத் தனி மோட்டார். முன்னாலிருந்து பின்னால் போகும் இரும்புத் தண்டு கிடையாது. அந்த இடத்தில் ஆரஞ்சு கேபிள் போகிறது. சிஸ்டத்தில் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை ஏறும். கேபிள் மோட்டாரில் சேரும் கனெக்டர், வண்டியின் வயிற்றில், சக்கரம் அடிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில்.

கனடாவில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்பு தூவுவார்கள். 2019 முதல் வந்த டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்களில், இதே மாதிரி பின் மோட்டாருக்குப் போகும் கேபிளின் கனெக்டருக்குள் அந்த உப்புத் தண்ணீர் புகுந்து அரித்தது. புகார்கள் குவிந்து, கம்பெனி அந்தக் கேபிளுக்கு வாரண்டியை நீட்டித்தது. அந்தக் குறை ஆர்எக்ஸிலும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கே டார்ச் அடிக்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்தது. அங்கே லாரி வைத்து உப்பு தூவுகிறார்கள். இங்கே அந்த வேலையைக் கடல் இலவசமாகச் செய்கிறது, அதுவும் பன்னிரண்டு மாதமும்.

பாம்பனைப் பாருங்கள். 1914இல் திறந்த ரயில் பாலத்தைத் துருவோடு மல்லுக்கட்டியே காப்பாற்றி வந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பூச்சு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. பாலத்துக்கே இவ்வளவு பாதுகாப்பு வேண்டியிருக்கும் ஊரில் ஏழு வருஷமாக நிற்கும் காரின் அடிப்பக்கம் எப்படி இருக்கும்?

[காட்சி: கனெக்டர், மிக அருகில்.]

இப்படி இருக்கும். ஓரத்தில் வெள்ளைப் பொடி, அது அலுமினியம் அரித்தது. அதற்குள் ஒரு பச்சைக் கீற்று தெரிகிறதா? அது செம்பு. பக்கத்து போல்ட்டை நகத்தால் தட்டினேன், மிக்சர் பொட்டலத்தின் அடித்தூள் மாதிரி முகத்தில் உதிர்ந்தது.

தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் எதைக் கண்டாலும் பழக்கமில்லாத கை ஒதுங்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர் முதலில் பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றுவார், பத்து நிமிடம் காத்திருப்பார், இன்சுலேஷன் கையுறை போட்டுக்கொண்டுதான் கை வைப்பார். அவர் கையுறை போடாவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

ஸ்கேனரில் இன்னொரு பிழைக் குறியீட்டையும் தேடுங்கள்: பி0ஏஏ6. உயர் மின்னழுத்தம் எங்கோ பாடிக்குக் கசிகிறது என்று அர்த்தம். கேபிள் அரித்தாலும் வரும், ஏசி மெக்கானிக்காலும் வரும்.

ஆமாம், ஏசி மெக்கானிக்கால்தான். கடற்கரையில் முதலில் ஓட்டையாவது முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சர். கேஸ் போய்விடும். தெருமுனைக் கடையில் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்த வண்டியில் ஏசி கம்ப்ரெசரை ஓட்டுவது பெல்ட் இல்லை, அதே உயர் மின்னழுத்த மின்சாரம். அதற்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் உண்டு: என்டி-11. சாதாரணக் காருக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் இதில் கலந்தால் இன்சுலேஷன் படுத்துவிடும். கடைக்காரரின் மெஷின் குழாயில் முந்தின காரின் எண்ணெய் கொஞ்சம் தங்கியிருந்தால்கூட வம்பு. விற்பவரிடம் "ஏசி கேஸ் எப்போது, எங்கே நிரப்பினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

[காட்சி: பிரேக் டிஸ்க். விளிம்பில் பழுப்பு வளையம்.]

ஹைப்ரிட்டில் பிரேக் பேட் தேயாது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். மிதிக்கும்போது பாதி வேலையை மோட்டாரே பார்த்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் தேயாத டிஸ்க் நம்ம ஊரில் துருப்பிடிக்கும். மற்றக் கார்களில் பேடே உரசி உரசித் துருவைச் சுத்தம் செய்துவிடும். இங்கே அந்த உரசலே குறைவு. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை, ஆளில்லாத ரோட்டில், மெதுவான வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி நாலைந்து முறை நன்றாக மிதியுங்கள். நியூட்ரலில் மோட்டார் உதவிக்கு வராது, பேட்தான் பிடித்தாக வேண்டும். வருஷம் ஒருமுறை பின்களைக் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

இனி கழுவுவது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகள் மிரட்டுவது நம்ம மாவட்டத்தைச் சொல்லித்தானே? தண்ணீர் இல்லாமல் இல்லை, இருப்பது உப்பு. போர் தண்ணீரில் வண்டியைக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். இதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துக் கழுவுவது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! மழைத் தண்ணீர் சேமித்திருந்தால் அது போதும். இல்லையென்றால் காவிரித் தண்ணீரில் இரண்டு வாளி, அதுவும் மேல்பக்கத்துக்கு இல்லை, அடிப்பக்கத்துக்கு. தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்தால் அன்றைக்கே. பிரஷர் குழாயை ஆரஞ்சு கனெக்டருக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கூலன்ட் டப்பாவில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் ஆளை வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புது இரும்பு மேல் நல்லது. துருவின் மேல் அடித்தால், உப்பை உள்ளே வைத்து மூடி போட்ட மாதிரி. பழைய வண்டியில் அடிப்பக்கம் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வெள்ளத்தில் முங்கிய வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் முதலில் சென்னை, இரண்டு வாரத்தில் தூத்துக்குடி. அந்தப் பக்கத்து வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் துவைக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். பேட்டரி சீட்டுக்கு அடியில் என்பதால் இதில் சமாதானமே கிடையாது, வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. ஆர்.சி. மாற்ற படிவம் 29, 30. கடன் இருந்து அடைத்திருந்தால் 35. வெளிமாநில வண்டியானால் படிவம் 28இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), அதோடு தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. அதைக் கட்டிய பிறகுதான் டிஎன் 65 நம்பர். பேரம் பேசும்போதே அந்த வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கேரளா, டெல்லி வண்டி மலிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

[காட்சி: டிக்கி மூடிக் கிடக்கிறது. ரிமோட்டை அழுத்தியும் திறக்கவில்லை.]

மச்சானுக்கு வரப்போகும் தொந்தரவு இது. பெரிய பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கம்ப்யூட்டரை எழுப்புவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. சில வாரம் நின்றால் அது இறங்கிவிடும், வண்டி ரெடிக்கு (ஓட்டத் தயார் என்று மீட்டரில் விளக்கு எரியும் நிலைக்கு) வராது. பல லெக்ஸஸ், டொயோட்டா ஹைப்ரிட்களில் அது டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கி திறக்கவோ மின்சாரம் வேண்டும். வாங்கும் அன்றைக்கே, ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியையும், பானெட்டுக்கு அடியில் ஜம்ப் கொடுக்கும் முனையையும் கண்டுபிடித்து வையுங்கள். புதுசு போடும்போது வாயுவை வெளியே விடும் குழாய் உள்ள, ஆசிட் சிந்தாத ஏஜிஎம் வகைதான், ஏனென்றால் அது ஆட்கள் உட்காரும் கூண்டுக்குள் இருக்கிறது. நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ரெடியில் போட்டு அரை மணி நேரம் ஓட்டிவர ஒரு ஆள் வேண்டும். பாட்டு கேட்க மட்டும் ஆன் பண்ணுவது இருக்கும் சார்ஜையும் தின்றுவிடும்.

கீழக்கரை வண்டி என்ன ஆனது? கனெக்டர் படத்தை துபாய்க்கு அனுப்பினோம். அவர் பார்த்துவிட்டு ஒரு நாள் கழித்துக் கூப்பிட்டார். கேபிள், முன் கண்டென்சர், நாலு டிஸ்க், எல்லாவற்றுக்கும் மதுரையில் எஸ்டிமேட் வாங்கி அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று, கேபிள் வரத்தான் தாமதம்.

மச்சான் போன மாதம் கப்பலேறினார். வண்டி இப்போது மண்டபத்தில் இல்லை. கடற்காற்று எட்டாத பரமக்குடியில், அவருடைய சின்ன அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அத்தை மகன் அதை அரை மணி நேரம் ஓட்டுகிறான். அரை மணி நேரம்தான் என்று அவன் சொல்கிறான். மீட்டர் வேறு கணக்கு சொல்கிறது.